எழுத்தெல்லாம் தெரியும், வாசிக்கத்தான் தெரியாது

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, தரம் 2 படிக்கிறான். எழுத்துகளைக் காட்டினால் சரியாகச் சொல்வான், ஆனால் ஒரு சொல்லை வாசி என்றால் விழிக்கிறான். பாடப்புத்தகத்தை மட்டும் கடகடவென்று ஒப்பிப்பான். மாமி சோம்பல் என்கிறார், இவர் ரியூசனுக்கு விடுவோம் என்கிறார். என்ன செய்வது? – கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு சின்னச் சோதனை. பாடப்புத்தகத்தில் படத்தைக் கையால் மூடிவிட்டு, வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள். தடுமாறினால் அவன் இதுவரை வாசிக்கவில்லை, கேட்டதை ஞாபகம் வைத்துச் சொல்லியிருக்கிறான். சோம்பல் பிள்ளை முழுப் புத்தகத்தையும் பாடமாக்குமா, சொல்லுங்கள்!

அடுத்து, அவனிடம் 'அம்மா' என்று எழுதிக் காட்டுங்கள். "ஆனா, இம், மாவன்னா" என்கிறானா? அப்படியென்றால் சிக்கல் அங்கேதான். அது எழுத்தின் பெயர், ஒலி இல்லை. அந்த மூன்றையும் எத்தனை தரம் வேகமாகச் சொன்னாலும் 'அம்மா' வராது. அதனால் 247 எழுத்தையும் கொப்பியில் திரும்பத் திரும்ப எழுத வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

புத்தகம் இல்லாமல் காதால் தொடங்குங்கள். சமைக்கும்போது "ப... ட... ம், சேர்த்தால் என்ன?" என்று கேளுங்கள், அவன் உங்களிடம் திருப்பிக் கேட்கட்டும். அது பிடிபட்டதும் படம், மடம், வடம் என்று ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எழுதிக் காட்டுங்கள். பிறகு கல், கால், பல், பால். உகரத்துக்கு அவசரப்பட வேண்டாம், கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், அட்டவணையாகக் கொடுத்தால் பிள்ளை மிரளும், குடம், முயல் என்று சொல்லோடு வரட்டும். கொம்பு (ெ, ே, ை) கடைசியில்தான், ஏனென்றால் அங்கே கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ எழுத்தை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள், 'கொட்டாஞ்சேனை', ஒரே சொல்லில் மூன்று கொம்பு! பெரியவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். பஸ்ஸில் போகும்போது கொழும்புக் காலி வீதியின் பெயர்ப்பலகைகளில் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே தமிழைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, 'ம' எங்கே என்று தேடினாலே போதும். சனிக்கிழமைகளில் முடிந்தால் பொது நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், புத்தகத்தை அவனே எடுக்கட்டும், படம் மட்டும் பார்த்தாலும் விடுங்கள்.

கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்து விடுங்கள். அடிக்கடி தடிமன் பிடிக்கிற பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்பது மந்தமாகலாம், அப்போது ல, ள எல்லாம் ஒன்றாகத்தான் விழும். இப்படி மூன்று நான்கு மாதம் செய்தும் அசைவே இல்லையென்றால் வகுப்பு ரீச்சரிடம் பேசிவிட்டு, பொரளை சிறுவர் வைத்தியசாலையிலோ உங்கள் பிள்ளை வைத்தியரிடமோ காட்டுங்கள். டிஸ்லெக்சியாவாக (வாசிக்கவும் எழுதவும் வரும் பிரத்தியேகச் சிரமம்) இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, குடும்பத்தில் வருவதும் உண்டு. உங்கள் கணவர் எத்தனை வயதில் வாசித்தார் என்று மாமியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள் (சண்டைக்கு இல்லை, தகவலுக்கு).

மாமிக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரவில் கதை சொல்லட்டும். 'தம்பி'யில் வரும் 'பி'யும் 'பிள்ளை'யில் வரும் 'பி'யும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. காதில் விழுந்து பழகிய சொல் என்றால்தான் பிள்ளை அதைச் சரியாகச் சொல்லும்.

ரியூசன் இப்போது வேண்டாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் என்று யாராவது பயமுறுத்தினால், அதற்கு இன்னும் மூன்று வருடம் கிடக்கிறது. அப்புறம், வீட்டுக்கு ஆட்கள் வந்தால் "எங்கே, வாசித்துக் காட்டு" என்று மட்டும் அவனைக் கூப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள்.