சூரியனாக ஆடிய மன்னர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி பாலே ஆடியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 1653இல் பாரிசில் அரங்கேறிய ‘இரவின் பாலே’ இசையைத் தேடிக் கேட்டேன். துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு மெட்டு மனதில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இதையா விடிய விடிய உட்கார்ந்து ரசித்தார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரசித்தார்கள். விடிய விடியத்தான். ‘இரவின் பாலே’ நடந்த அதே பெத்தி-பூர்போன் மண்டபத்தில் 1581இல் ஓர் அரச குடும்பத் திருமணத்துக்காக நடந்த பாலே, இரவு பத்து மணிக்குத் தொடங்கி அதிகாலை மூன்றரைக்குத்தான் முடிந்தது.

துண்டு துண்டாக இருப்பதற்குக் காரணம், அது கதை சொல்லும் பாலே இல்லை. இரவின் நான்கு சாமங்கள், 43 வருகைகள். ஒவ்வொரு மெட்டும் உள்ளே வரும் ஒரு கூட்டத்துக்காக எழுதப்பட்டது. முதல் சாமத்தின் முடிவில் நொண்டிகளும் முடவர்களுமாகப் பிச்சைக்காரர்கள் தங்கள் சேரிக்குத் திரும்புகிறார்கள். நுழைந்ததும் எல்லாருக்கும் கைகால் சரியாகிவிடுகிறது, குதித்து ஆடுகிறார்கள். ஆளைப் பார்க்காமல் இசையை மட்டும் கேட்டால் இந்த வேடிக்கை எங்கே தெரியும்?

இன்னொன்று, நீங்கள் கேட்டது முழு இசையும் அல்ல. மன்னரின் வயலின் குழுவில் 24 பேர்: மேல் சுரங்களை வாசிக்க ஆறு பேர், கீழ்ச் சுரங்களுக்கு ஆறு பேர், நடுவே மூன்று குரல்களுக்கு, அதாவது மூன்று தனித்தனி இசை வரிகளுக்கு, நான்கு நான்கு பேர். இந்தப் பாலேயின் ஆட்ட மெட்டுகளைப் பல ஆண்டுகள் கழித்து அரசவை இசை நூலகர் ஃபிலிதோர் பிரதியெடுத்து வைத்தார். அதில் நடுக்குரல்கள் இல்லை. அதாவது, குழுவில் பாதிப் பேர் வாசித்தது போயே போய்விட்டது. இன்றைய பதிவுகளில் வரும் நடுக்குரல்கள் இந்தக் காலத்தவர்கள் எழுதிச் சேர்த்தவை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் அது ஊகம்.

இதன் அரசியலையும் மறந்துவிடக் கூடாது. பிரபுக்களின் கலகம் அப்போதுதான் அடங்கியிருந்தது. ஊரைவிட்டு ஓட நேர்ந்த அமைச்சர் மஸரின் பிப்ரவரி 3 அன்று பாரிஸ் திரும்பினார். 23ஆம் தேதி பாலே. பல வேடங்களில் வந்து போன 14 வயது மன்னர் கடைசியில் உதயசூரியனாக வருகிறார். அந்த உடையின் ஓவியம் இருக்கிறது: தலையில், கழுத்தில், தோளில், மணிக்கட்டில், முழங்காலில், செருப்பில்கூடப் பொன் கதிர்கள். அந்தச் சூரியனைச் சுற்றி ஆடியவர்களில் பிரபுக்களும் உண்டு. இதைவிடச் சாமர்த்தியமான அரசாணையை மஸரினாலும் எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அன்று மன்னரோடு மேடையில் ஆடிய இத்தாலிய இளைஞர் லுல்லிக்கு அடுத்த மாதமே அரசவையில் இசையமைப்பாளர் வேலை கிடைத்தது. இசையை மட்டும் கேட்டு ரசிக்க வேண்டுமானால், அவர் 1658இல் ‘அல்சிதியான்’ பாலேக்கு எழுதிய முன்னிசையில் தொடங்குங்கள். முதலில் கம்பீரமான இழுப்பு, அப்புறம் ஒன்றையொன்று துரத்தும் வேகம். துண்டு என்று புகார் சொல்ல மாட்டீர்கள்.