காசநோயை ரத்தம் காட்டிக்கொடுக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் காசநோய் தெரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமி உள்ளே வந்தால் நம் வெள்ளணுக்கள் சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கி வைக்கும். ஜிபிபி5, டஸ்ப்3, கேஎல்எஃப்2 என்ற மூன்று மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தை அளந்து ஒரு மதிப்பெண் போடுகிறது கருவி. விரல் நுனி ரத்தமே போதும்.

ஆனால் இது சல்லடை வேலைக்கு மட்டும்தான். இப்படிச் சலித்தெடுக்கும் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2014-ல் ஓர் அளவுகோல் வைத்தது: காசநோய் உள்ள 100 பேரில் குறைந்தது 90 பேரையாவது பிடிக்க வேண்டும், இல்லாத 100 பேரில் குறைந்தது 70 பேரையாவது சரியாக விலக்க வேண்டும். அப்படியானால் நோயே இல்லாத 30 பேருக்கு 'சந்தேகம்' என்று வரலாம். அவர்களுக்கு அடுத்து சளிப் பரிசோதனை செய்தால் போதும். விரல் ரத்தச் சோதனையின் முடிவை மட்டும் வைத்து மருந்து எழுதுவதுதான் தப்பு.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எனக்கும் இது அதேபோல் வேலை செய்யுமா?

அதே நம்பிக்கையோடு சொல்ல முடியாது. கிருமி தாக்கும்போது செல்கள் சுரக்கும் எச்சரிக்கைப் புரதம் இன்டர்ஃபெரான்; அது தூண்டினால் எழும்பும் மரபணு ஜிபிபி5. கட்டுப்பாட்டில் இல்லாத எச்.ஐ.வி.யும் அதே இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடும். ஆகவே காசநோய் இல்லாமலேயே மதிப்பெண் மாறக்கூடும். தொடர்ந்து கூட்டு மருந்து எடுத்து வைரஸை அடக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பம் குறையும்.

உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தை அளக்கும் சாதாரண சிஆர்பி சோதனையையே எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சலித்தெடுக்கப் பயன்படுத்தலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை வந்தது. லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அப்புறம், சிறுநீரில் பார்க்கும் 'லாம்' பட்டை. காசநோய்க் கிருமியின் சுவரிலிருந்து உதிரும் பொருளை அது 25 நிமிடத்தில் காட்டும். இதில் விநோதம் என்னவென்றால், சிடி4 (எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை குறையக் குறைய இந்தப் பட்டை நன்றாக வேலை செய்கிறது. உடம்பு முழுக்கக் கிருமி பரவியிருப்பதுதான் காரணம். எச்.ஐ.வி. இல்லாதவருக்கு இதனால் பெரிய பயனில்லை.

'இக்ரா' என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ். நாளையே ஆறு மாத மாத்திரையை ஆரம்பிக்கலாமா?

பொறுங்கள். கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் அப்படித்தான். அது தூங்குகிறதா, விழித்துவிட்டதா என்று இக்ராவுக்குத் தெரியாது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை உண்டா என்று மருத்துவர் கேட்பார், எக்ஸ்ரே பார்ப்பார். நோய் இல்லை என்று உறுதியானால் பேச்சு தடுப்பு மருந்து பற்றியது. அது வேறு கணக்கு. பிசிஜி தடுப்பூசி போட்டதால் பாசிட்டிவ் வந்ததோ என்று கவலை வேண்டாம், அந்தக் குழப்பம் தோலில் போடும் மேன்டூ ஊசிக்குத்தான்.

என் இக்ரா ரிப்போர்ட்டில் 'இன்டிடெர்மினேட்' (முடிவு சொல்ல இயலவில்லை) என்று வந்திருக்கிறது. நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். இக்ராவில் பரவலாக உள்ள ஒரு வகைக்கு ரத்தத்தை நாலு குழாய்களில் பிடிப்பார்கள். சாம்பல் மூடியில் எதுவும் இல்லை. பச்சை, மஞ்சள் மூடிகளில் காசநோய்ப் புரதத் துணுக்குகள். ஊதா மூடியில் டி செல்கள் என்ற வெள்ளணுக்களைக் கண்டபடி உசுப்பிவிடும் ஒரு பொருள். குழாய்களைக் குலுக்கி, 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு காமா இன்டர்ஃபெரான் சுரந்தது என்று அளப்பார்கள். ஊதாக் குழாயிலேயே சுரப்பு இல்லை என்றால் செல்களுக்குப் பதில் சொல்லும் தெம்பில்லை என்று அர்த்தம். சிடி4 மிகக் குறைந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இப்படி நேரும். சரியாகக் குலுக்காவிட்டாலும், தாமதமாக அடைகாக்க வைத்தாலும்கூட நேரும், அதனால் ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

ஆன்டிபாடி அட்டைச் சோதனை செய்தேன், 10 நிமிடத்தில் முடிவு...

காசநோய்க்கு அதை நம்பாதீர்கள். பயன்படுத்தவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. முடிவு எதுவானாலும் ஒதுக்கிவிட்டு, சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லும்.

சளியே வரவில்லையே, என்ன செய்வது?

காலையில் எழுந்ததும், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து அடி நெஞ்சிலிருந்து இருமுங்கள். நுரைத்த எச்சில் உதவாது; கொழகொழப்பாக வர வேண்டும். அப்படியும் வராவிட்டால் உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுப்பார்கள்.