ஆயரின் இலச்சினையில் பச்சைத் தொப்பி எதற்கு?

திருகோணமலைப் பேராலயத்தில் ஆயரின், அதாவது கத்தோலிக்க மறைமாவட்டத் தலைவரின், இலச்சினையைப் பார்த்துவிட்டு, மேலே ஏன் பச்சைத் தொப்பி என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

அது அகன்ற விளிம்புள்ள பழைய பயணத் தொப்பி. தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுகிற கயிறுதான் இருபுறமும் தொங்குகிறது. அதன் குஞ்சங்களை எண்ணிப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கி, பக்கத்துக்கு 6 வந்தால் ஆயர். அவருக்கு மேல்நிலையில் உள்ள பேராயருக்கு 10. திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் உள்ள கர்தினாலுக்கு 15, நிறமும் சிவப்பு. இலச்சினையின் நடுவே இருக்கும் கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் சிலுவைக்கு ஒரு குறுக்குக்கட்டை என்றால் ஆயர், இரண்டு என்றால் பேராயர்.

சரி, கேடயத்துக்குள்? அது ஒவ்வோர் ஆயரும் தாமே தேர்வது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். எங்காவது நங்கூரத்தைக் கண்டால், நம்மூர்க்காரர் உடனே துறைமுகம் என்போம். ஆனால் விவிலியத்தில், எபிரேயர் 6:19இல், அது நம்பிக்கையின் அடையாளம். கீழே நாடாவில் இருப்பது விருதுவாக்கு, அதாவது அவருடைய குறிக்கோள் வாசகம்.