பயங்கரவாதத்துக்கு வரையறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு விவாத மேடையில் "பயங்கரவாதத்துக்கு எல்லோரும் ஏற்கும் வரையறை சாத்தியமே" என்ற தரப்பில் பேச இருக்கிறேன். ஒருவருக்குப் பயங்கரவாதி இன்னொருவருக்கு விடுதலைப் போராளி என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஐ.நா.வாலேயே முடியவில்லையே என்பார்கள். வரையறை எதற்கு, குண்டு வைத்தவன்மேல் கொலை வழக்குப் போட்டால் போதாதா என்று நண்பர்களும் கேட்கிறார்கள். எப்படி எதிர்கொள்வது?

எம்.

அன்புள்ள எம்,

ஐ.நா.விலிருந்தே தொடங்குங்கள். எதிர்த்தரப்பின் வாதம் அங்கேதான் பலவீனமானது. 1999-ஆம் ஆண்டின் பயங்கரவாத நிதியளிப்புத் தடுப்பு உடன்படிக்கையில் தெளிவான வாசகம் இருக்கிறது: சண்டையில் பங்கெடுக்காதவர்களைக் கொல்லவோ கடுமையாகக் காயப்படுத்தவோ எண்ணிச் செய்யும் செயல், மக்களை அச்சுறுத்துவதோ அரசைப் பணியவைப்பதோ அதன் நோக்கம். உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் இந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கின்றன. ரஷ்யாவின் பெஸ்லான் நகரில் நடந்த பள்ளிப் படுகொலைக்குப் பின் 2004-ல் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1566-ஆம் தீர்மானமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 1996-ல் இந்தியா முன்வைத்த முழுமையான உடன்படிக்கையின் வரைவு இன்றுவரை முட்டி நிற்பது விலக்குகளில்தான். அரசுப் படைகளுக்கு விலக்கு உண்டா, அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்ப்பவர்களுக்கும் உண்டா என்பதுதான் சண்டை. எது பயங்கரவாதச் செயல் என்பதில் இருக்கும் உடன்பாடு வெளியே தெரிவதைவிடப் பெரியது.

விடுதலைப் போராளி வாதத்துக்கு நம் பக்கத்து உதாரணமே போதும். 1996 ஜனவரி 31 அன்று விடுதலைப் புலிகள் கொழும்பு மத்திய வங்கியில் வெடிக்கச் செய்த குண்டு, வேலைக்கு வந்தவர்களையும் தெருவில் போனவர்களையும் கொன்றது. அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் முல்லைத்தீவு ராணுவ முகாமைத் தாக்கினார்கள். அமைப்பு ஒன்று, ஆண்டு ஒன்று, கோரிக்கையும் ஒன்று. முதலாவது பயங்கரவாதம். இரண்டாவது போர் நடவடிக்கை. அங்கே சரணடைந்தவரைக் கொன்றால் அது போர்க்குற்றம். 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் மீது விமானப்படை போட்ட குண்டுகளையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்: செத்தவர்கள் சண்டையில் இருந்தார்களா? கோரிக்கையின் நியாயத்தை வரையறைக்குள் கொண்டுவந்தால் எந்த வரையறையும் நிற்காது. யாரை, எதற்காகத் தாக்கினார்கள் என்று கேட்டால் நிற்கும்.

இனி இந்தியச் சட்டம். மேடையில் அதிக நேரத்தை இதற்குக் கொடுங்கள். பயங்கரவாதத்தைத் தடுக்க வந்த 1987-ஆம் ஆண்டின் தடா சட்டம் நோக்கத்தைக் கேட்டது: அரசை மிரட்டவோ மக்களிடம் பீதியை விளைவிக்கவோ எண்ணிச் செய்திருக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. தடாவின்கீழ் பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. ஒருவரைப் பழிவாங்கும் சதிக்கு ஆதாரம் இருந்தது, அரசை மிரட்டும் நோக்கத்துக்கு இல்லை. ஆனாலும் தடாவின்படி காவல் கண்காணிப்பாளர் முன் பதிவான ஒப்புதல் வாக்குமூலங்கள் செல்லும் என்றது அதே தீர்ப்பு. சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமே ஆகாது. பயங்கரவாதக் குற்றம் விழுந்துவிட்டது, அதற்கென்றே வந்த கடுமையான நடைமுறை மட்டும் மிஞ்சி நின்றது. வரையறையை அதோடு வரும் நடைமுறையிலிருந்து பிரித்து விவாதிக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்றைய உபா சட்டத்தின், அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின், 15-ஆம் பிரிவு தடாவைவிட அகலமானது. 2008 திருத்தத்துக்குப் பின் அச்சுறுத்தும் நோக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை, அச்சுறுத்தக்கூடிய செயலாக இருந்தாலே போதும். வெடிகுண்டு, துப்பாக்கி என்று ஆயுதங்களை அடுக்கிவிட்டு "வேறு எவ்வகை வழியினாலும்" என்று முடிக்கிறது. விளைவுகளில் மரணத்தோடு அத்தியாவசியச் சேவைகளுக்கு இடையூறும் சேர்ந்திருக்கிறது. 2012-ல் பொருளாதாரப் பாதுகாப்பும் உள்ளே வந்தது. இந்த நான்கையும் சேர்த்து ஒரு ரயில் மறியல் மீது வைத்துப் பாருங்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமலே அது பிரிவின் சொற்களுக்குள் வந்துவிட முடியும். கனடாவின் குற்றவியல் சட்டம் இதை முன்னுணர்ந்து, உயிருக்கோ மக்களின் பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்கும் நோக்கமில்லாத போராட்டத்தாலும் வேலைநிறுத்தத்தாலும் சேவைகள் பாதிக்கப்பட்டால் அது பயங்கரவாதம் ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

வழக்கு பதிவானதும் உபாவின் 43டி பிரிவு வருகிறது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் ஜாமீன் கிடையாது. வடாலி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை அலசக் கூடாது என்றது. அதாவது வரையறைக்குள் செயல் உண்மையில் வருகிறதா என்ற கேள்வி, பல ஆண்டுகள் கழித்து விசாரணையின் முடிவில்தான் முழுமையாகக் கேட்கப்படும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவிலும் இதே வரையறைதான். ஆனால் 43டி-யின் ஜாமீன் தடை அங்கே இல்லை. எந்தச் சட்டத்தில் வழக்கைப் பதிவது என்று தீர்மானிப்பவர் எஸ்.பி. நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி. ஒருவர் சிறையில் எத்தனை காலம் இருப்பார் என்பதை வரையறையைவிட அவரது தேர்வே அதிகம் தீர்மானிக்கிறது. இதை நான் பெரிய அநீதியாகவே பார்க்கிறேன்.

கொலை வழக்கு போதாதா என்று கேட்கும் நண்பர்களிடம் பாதி நியாயம் இருக்கிறது. குண்டு வைத்துக் கொன்றவனைத் தண்டிக்கப் பழைய சட்டமே போதும். ஆனால் சிறப்புச் சட்டத்தை எந்த அரசும் கைவிடாதபோது, வரையறை இல்லாமல் விடுவது இன்னும் ஆபத்து. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-ல் மூன்றாண்டுக்கென்று தற்காலிகமாக வந்து, 1982-ல் நிரந்தரமானது. அதில் பயங்கரவாதம் என்றால் என்ன என்ற வரையறையே கிடையாது, குற்றங்களின் பட்டியல்தான் உண்டு. இனங்களுக்கிடையே பகை மூட்டும் எழுத்தும் அதில் அடக்கம். பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது, அவர் மாத இதழொன்றில் எழுதிய கட்டுரைகளுக்காக.

எனவே மேடையில் ஒரு வரையறையை நீங்களே எழுதி வாசியுங்கள். சண்டையில் இல்லாதவர் மீது உயிர்பறிக்கும் வன்முறை, மக்களை மிரட்டுவது அல்லது அரசைப் பணியவைப்பது என்ற நோக்கம், அந்த நோக்கத்துக்கு ஆதாரம். மூன்றையும் "மற்றும்" போட்டு இணையுங்கள். இந்த மூன்றுக்கும் இடையே ஓரிடத்தில் "அல்லது" நுழைந்தாலும் மறியல் உள்ளே வந்துவிடும். பிறகு எதிர்த்தரப்பிடம், இதற்குள் வராத ஒரு பயங்கரவாதச் செயலைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் சொத்துச் சேதத்தையும் மின்கட்டமைப்பு மீதான இணையத் தாக்குதலையும் சொல்வார்கள். ஆள் சாகும் என்று தெரிந்தே மருத்துவமனையின் மின்சாரத்தைத் துண்டித்தால் அது முதல் நிபந்தனையிலேயே அடங்கும். ஆள் சாகாத சேதத்துக்குச் சாதாரணக் குற்றவியல் சட்டம் இருக்கிறது.