வீதியில் பவுசர் கவிழ்ந்தால்: கேட்டவர்களும் பதில்களும்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வரும் எண்ணெய்ப் பவுசர் (எண்ணெய்த் தொட்டி லொறி), காஸ் லொறி பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எரிபொருள் ஏற்றி இறக்கும் இடத்தில் இருபது வருடம் பாதுகாப்பு வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் சில இவை.

அண்ணை, வளைவே இல்லாத வீதியிலும் பவுசர் கவிழ்கிறதே? (பளை)

நேர் வீதியில்தான் நித்திரை வரும், தம்பி. கண் அயர்ந்து ஒரு பக்கச் சில்லு கரையில் இறங்கும். சாரதி திடுக்கிட்டு ஸ்டியரிங்கை வெட்டுவார். அந்த வெட்டுதான் கவிழ்க்கிறது. உள்ளே இருப்பது கட்டி வைத்த மூட்டை அல்ல. வண்டி வலப்பக்கம் திரும்ப, எண்ணெய் இடப்பக்கம் ஏறும். முழுதாக நிரம்பிய அறை அவ்வளவு தளும்பாது. அரைவாசி நிரம்பியதுதான் பொல்லாதது. 33,000 லீற்றர் பவுசரை ஒரே தொட்டியாக விடாமல் அறைகளாகப் பிரித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீப்பிடிக்காவிட்டால் வழிகிற பெற்றோலைக் கானில் பிடித்தால் என்ன? வீணாகத்தானே போகிறது. (சாவகச்சேரி)

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. 2022இல் எரிபொருள் வரிசையில் படுத்தெழும்பியதும் மறக்கவில்லை. வழிந்தோடும் பெற்றோலைக் கண்டால் கை துறுதுறுக்கும், விளங்குகிறது. ஆனால் பாகிஸ்தானில் பஹவல்பூர்ப் பக்கம் 2017 ஜூனில் நடந்ததும் இதேதான். பவுசர் கவிழ்ந்தது, ஊரே வாளியோடும் போத்தலோடும் ஓடியது, பிறகு தீ. இறந்தவர்கள் 200 பேருக்கு மேல்.

எரிவது பெற்றோல் அல்ல, அதன் ஆவி. அது காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரம். கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்கால் வழியே ஊர்ந்து போகும். நீங்கள் கானை நிரப்பிக்கொண்டு நிற்க, ஐம்பது மீற்றர் தள்ளி ஒருவர் ஓட்டோவை ஸ்டார்ட் செய்வார். அவ்வளவுதான்.

டீசலும் அப்படியா? (கொடிகாமம்)

இல்லை. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் பற்றக்கூடிய ஆவி விடும். டீசலுக்கு 50 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் கவிழ்ந்து கிடப்பது எது என்று கிட்டப் போய் மணந்து பார்க்காதீர்கள். வண்டியில் செம்மஞ்சள் இலக்கப் பலகை இருந்தால் எட்ட நின்றே வாசிக்கலாம்: 1203 பெற்றோல், 1202 டீசல், 1075 காஸ்.

எவ்வளவு தூரம் விலக வேண்டும், ஐயா? (நாவற்குழி)

தொட்டியைத் தீ சூழ்ந்துவிட்டால், வட அமெரிக்கத் தீயணைப்பாளர்களின் கைநூல் எண்ணெய்ப் பவுசருக்கு 800 மீற்றர், காஸ் தொட்டிக்கு 1,600 மீற்றர் என்கிறது. காஸுக்கு இரட்டிப்பு ஏனென்றால், உள்ளே திரவம் கொதிக்க வெளியே இரும்பு இளகித் தொட்டி பிளக்கும். முழுவதும் ஒரே தீப்பந்தாக எழும்பும். வால்வு சீறினாலே ஓடுங்கள். வீடியோ எடுக்க நின்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காற்று வரும் திசைக்குத்தான் போக வேண்டும்: சோளகக் காற்று என்றால் தென்மேற்குப் பக்கம். பனை ஓலையைப் பார்த்தாலே தெரியுமே. தூரப் போன பிறகு பொலிசுக்கு 119, காயப்பட்டவர்கள் இருந்தால் அம்புலன்சுக்கு 1990.

எங்கள் மதிலோடு டீசல் ஊற்றுண்டு பத்து நாள். கிணற்றில் மணம் இல்லை. குடிக்கலாமா, அண்ணா? (மல்லாகம்)

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும், தங்கச்சி. எங்களுக்கு வற்றாத ஆறில்லை, பெரும்பாலும் குடிப்பது நிலத்தடி நீர். மல்லாகம் இருக்கும் வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அது முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலே ஊற்றியது எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல முடியாது. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்குக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2019இல்தான்.

மணம் இல்லை என்பது சான்றிதழ் அல்ல. எண்ணெயில் சில பொருட்கள் நீரில் கரைந்து, மூக்குக்குப் பிடிபடாத அளவிலேயே தீங்கு செய்யும். அவற்றில் ஒன்றான பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் விட்டிருப்பது லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் மட்டும். கொதிக்க வைப்பது கிருமிக்கான வைத்தியம், எண்ணெய்க்கு அல்ல. ஆய்வுகூடத்தில் பார்க்கும்வரை வேறு தண்ணீர் எடுங்கள். ‘இறைத்துக் கழுவினால் சரி’ என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள்; கிணற்றை இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள நீர் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு உங்கள் கிணற்றுக்கே வரும். ஊறிய மண்ணை வெட்டி அகற்றச் சொல்லிப் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள், திகதியோடு. அடுத்த முறை வீதியை யாராவது சவர்க்காரம் போட்டுக் கழுவ வந்தால் மறித்து, மணலோ மரத்தூளோ கொட்டச் சொல்லுங்கள்.

பவுசருக்குப் பின்னால் சங்கிலி இழுபடுவது ஏன்? (கோப்பாய், பத்தாம் வகுப்பு)

ஓடும்போது உடம்பில் சேரும் மின்னை நிலத்துக்கு விட என்று போட்டது, தம்பி. அதை விட முக்கியம், இறக்கும்போது கவ்விப் பிடிக்கும் நிலத்தொடுப்பு வயர். பக்கத்து நிரப்பு நிலையத்தில் பவுசர் வந்து நிற்கும்போது எட்ட நின்று பார், குழாயைப் பூட்ட முதல் அதை மாட்டுகிறார்களா என்று.