ரைன் கரையில் இரண்டு இரவுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃபிராங்க்ஃபர்ட், கொலோன், வியன்னா வரை போகிறவர்கள் பலர், அங்கிருந்து கார் எடுக்காமல் ஆற்றங்கரைக் கிராமங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வழி கேட்டிருக்கிறார்கள். ரைன் நதியைப் பற்றிய கேள்விகளே அதிகம். எனவே அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் அலுவலக வேலை முடிந்ததும் இரண்டு நாட்கள் கையில் இருக்கின்றன. ரூடஸ்ஹைம், பாகராக், கௌப், ஓபர்வேசல், சாங்க்ட் கோவார், போப்பார்ட், கோப்லென்ஸ் என்று ஏழு ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். ரயிலிலேயே முடியுமா? (சென்னை)

முடியும். ஆனால் செய்யாதீர்கள். ஏழு ஊர்களிலும் இறங்கி ஏறினால் ரயில் நிலையங்களைத்தான் பார்த்திருப்பீர்கள்.

முதலில் இந்தப் பள்ளத்தாக்கின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் சுமார் 65 கிலோமீட்டர், 2002 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பகுதி. இந்தத் தூரம் முழுவதும் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்கூட இல்லை. இரு கரைகளிலும் தனித்தனியாக ரயில் பாதைகள் ஓடுகின்றன. இடக்கரையில் பிங்கன், பாகராக், ஓபர்வேசல், சாங்க்ட் கோவார், போப்பார்ட். வலக்கரையில் ரூடஸ்ஹைம், லோர்ஷ், கௌப், சாங்க்ட் கோவார்ஸ்ஹௌசன், பிரௌபாக். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக ஆட்களையும் கார்களையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரிதான் வழி. வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் ஊர், ஃபெர்ரி நின்ற பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரத் தொலைவுக்குப் போய்விடும்.

ஆகவே ஒரே ஊரில் தங்குங்கள். என் தேர்வு பாகராக். மைன்ஸில் மாறி, இடக்கரையில் ஓடும் ஆர்பி 26 ரயிலில் முக்கால் மணி நேரம் வாக்கில் போய்விடலாம். வண்டியில் வலப்பக்க இருக்கையில் அமர்ந்தால் ஆறு உங்களோடு கூடவே வரும். பையை விடுதியில் வைத்துவிட்டு மதில்மேல் நடங்கள். 1368-ஆம் ஆண்டைச் சேர்ந்த மரச்சட்ட வீடு ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மேலே இருக்கும் ஷ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. முன்பதிவு செய்தால் குறைந்த செலவில் கோட்டைக்குள்ளேயே தூங்கலாம். மாலையில் கடைசிக் கப்பல் போனதும் ஊர் அமைதியாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் இங்கே தங்கச் சொல்கிறேன். பகலில் வந்து போகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

மறுநாள் காலை கப்பலில் சாங்க்ட் கோவார் வரை போங்கள். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஆற்றின் நடுவே தீவில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் (14-ஆம் நூற்றாண்டில் கப்பல்களிடம் சுங்கம் பிரிக்கக் கட்டியது), 16 காவல் கோபுரங்கள் எஞ்சியிருக்கும் ஓபர்வேசல், 132 மீட்டர் உயரத்துக்கு எழும் லோரலை பாறை மூன்றையும் தண்ணீரிலிருந்தே பார்த்துவிடலாம். சாங்க்ட் கோவாரில் ரைன்ஃபெல்ஸ் கோட்டைச் சிதைவுகளை ஏறிப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்புங்கள். போப்பார்ட்டும் கோப்லென்ஸும் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஜன்னல் எந்தப் பக்கம்? இரு கரைகளிலும் இரவு முழுவதும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன, பள்ளத்தாக்கில் சத்தம் எதிரொலிக்கிறது. ஆற்றைப் பார்த்த அறை படத்தில் அழகு. தூக்கம் வேண்டுமென்றால் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்த அறையே நல்லது.

கப்பல் எந்தத் திசையில் போனால் நல்லது? போகவர இரண்டு வழியும் கப்பலிலேயே போகலாமா? (சிங்கப்பூர்)

ஆற்றோட்டத்தோடு, அதாவது தெற்கிலிருந்து வடக்காகப் போங்கள். ரூடஸ்ஹைமிலிருந்து கோப்லென்ஸ் இறங்க ஏறத்தாழ 4 மணி நேரம்; எதிர்த்து ஏறிவர 6 மணி நேரத்துக்கும் மேல். அந்த வேறுபாடே ஆற்றின் வேகத்தைச் சொல்லிவிடும். ஒரு வழி கப்பல், மறு வழி ரயில் என்பதே சரியான கணக்கு. வழக்கமான கப்பல் சேவை ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். ரைனில் கப்பல் விடும் கேடி நிறுவனத்தின் ‘கோதே’, 1913-இல் கட்டிய துடுப்புச்சக்கரக் கப்பல். அது ஓடும் நாளாக அமைந்தால் விடாதீர்கள்.

ஃபெர்ரிக்கு முன்பதிவு வேண்டுமா? கடைசி ஃபெர்ரி எப்போது? (திருச்சி)

முன்பதிவு வேண்டாம். கரையில் நின்றால் வரும், ஏறிக்கொள்ளலாம், ஆற்றைக் கடக்கச் சில நிமிடங்கள்தான். கையில் சில்லறை யூரோ வைத்திருங்கள். பிங்கன்–ரூடஸ்ஹைம், நீடர்ஹைம்பாக்–லோர்ஷ், கௌப், சாங்க்ட் கோவார், போப்பார்ட் ஆகிய இடங்களில் ஃபெர்ரி உண்டு. கடைசி நேரம் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். துறையில் இறங்கியதும் பலகையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை கௌப்பில் மாலை வெளிச்சத்தை நம்பி நின்றுவிட்டேன். ஜூன் மாதம், ஒன்பதரை மணிக்கும் வானம் வெளுத்திருந்தது. துறைக்கு வந்தபோது ஃபெர்ரி அக்கரையில் கட்டிக் கிடந்தது. என் விடுதியும் அக்கரையில்தான். வலக்கரை ரயிலில் கோப்லென்ஸ் போய், இடக்கரை ரயிலில் திரும்பி வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. கோடையில் இருட்டுவதை வைத்து நேரம் கணிக்கக் கூடாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

பிங்கனில் இன்னொரு குழப்பம். அந்த ஊருக்கு இரண்டு நிலையங்கள்: பிங்கன் ஹௌப்ட்பான்ஹோஃப் (தலைமை நிலையம்), பிங்கன் ஷ்டாட் (நகர நிலையம்). பெயரைப் பார்த்துத் தலைமை நிலையத்தில் இறங்கினால் நாஹே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பீர்கள். ரூடஸ்ஹைம் ஃபெர்ரிக்கு நகர நிலையமே பக்கம்.

எந்த டிக்கெட் மலிவு? டாய்ச்லாண்ட் டிக்கெட் சுற்றுலாப் பயணிகளுக்கும் உண்டா? (கொழும்பு)

உண்டு. 2026 ஜனவரி முதல் அதன் விலை மாதம் 63 யூரோ. ஜெர்மனி முழுவதும் நகர பஸ், டிராம், எஸ்-பான் என்னும் புறநகர் ரயில், வட்டார ரயில்கள் எல்லாம் அதில் அடங்கும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு வண்டிகள் அடங்கா. ஆனால் அது மாதச் சந்தா. தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். அந்த மாதத்தோடு நிறுத்த 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யவேண்டும். இதைக் கவனிக்காமல் ஊர் திரும்பி, அடுத்த மாதமும் பணம் கழிந்ததாக எழுதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஜெர்மனியில் இருப்பவர் வாங்கலாம்.

இரண்டு நாள் மட்டும் என்றால், குடும்பமாகப் போகிறவர்களுக்கு ரைன்லாண்ட்-ஃபால்ஸ் டிக்கெட் நல்லது. ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை நாள் முழுவதும் வட்டார ரயில்களில் ஏறி இறங்கலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் வேறு மாநிலம் என்பதால் மைன்ஸ் வரை தனி டிக்கெட் வேண்டும். டிக்கெட்டில் பெயர் எழுதவேண்டும், பரிசோதகர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

2026-இல் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜூலை முதல் டிசம்பர் வரை வலக்கரை ரயில் பாதையை மூடி முழுமையாகச் சீரமைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், நேரம் அதிகமாகும். இடக்கரை ஊரில் தங்க இது இன்னொரு காரணம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் அடுத்த விமானத்துக்கு 9 மணி நேரம் இருக்கிறது. என்னிடம் இந்திய பாஸ்போர்ட்டும் அமெரிக்க விசாவும் உள்ளன. ரைன் பார்த்துவிட்டு வரலாமா? (ஹைதராபாத்)

விமான நிலையத்தை விட்டு வெளியே வர ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) வேண்டும். அமெரிக்க விசா அதற்குப் போதாது. ஷெங்கன் விசா இருந்தாலும், குடியேற்ற வரிசையும் பாதுகாப்புச் சோதனையும் போக உங்களுக்கு நான்கைந்து மணி நேரமே மிஞ்சும். எஸ்8 ரயிலில் அரை மணியில் மைன்ஸ் போய், பேராலயத்தையும் ஆற்றங்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கோட்டைகளைத் தேடிப் போய் விமானத்தைத் தவறவிட வேண்டாம்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. அதிகம் நடக்க முடியாது. எந்த ஊர் ஏற்றது? (கோவை)

ரூடஸ்ஹைம். கூட்டம் அதிகம், நினைவுப்பொருள் கடைகள் அதிகம் என்று நான் வழக்கமாக அந்த ஊரைத் தவிர்க்கச் சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு அதுவே பொருத்தம். நிலையம், கப்பல் துறை, ஃபெர்ரி எல்லாம் ஆற்றோரமாக ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பத்து நிமிடம் நடந்தால், கம்பியில் தொங்கிச் செல்லும் சிறு பெட்டிகளில் ஏறி, திராட்சைக் கொடிகளுக்கு மேலாக நீடர்வால்ட் நினைவுச்சின்னம் வரை போகலாம். 1883-இல் திறந்த அந்தச் சின்னத்தருகே நின்றால் ஆறு வளையும் இடம் முழுவதும் தெரியும். அம்மா மலை ஏறாமல் காணக்கூடிய மிகச் சிறந்த காட்சி அது. பாகராக்கில் கல் பாவிய தெருக்கள் முழங்காலைப் படுத்தும். சிறு நிலையங்கள் சிலவற்றில் நடைமேடைக்குப் படிகள் மட்டுமே உண்டு. இறங்கப் போகும் ஊரை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்த சைவம். கிராமங்களில் சாப்பாடு கிடைக்குமா? (மதுரை)

கிடைக்கும், நேரம் தெரிந்து போனால். மதியம் இரண்டு மணிக்குச் சமையலறையை மூடிவிட்டு மாலை ஐந்தரை வாக்கில் திறக்கும் உணவகங்கள் ஏராளம். வாரத்தில் ஓரிரு நாள், பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ, முழு விடுமுறை. ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும். அன்று ரொட்டி, பழம், தயிர் வேண்டுமென்றால் மைன்ஸ், கோப்லென்ஸ் தலைமை நிலையங்களில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

பன்றி இறைச்சி இல்லாத ஃப்ளாம்கூகன் (பீட்ஸா போன்ற மெல்லிய ரொட்டி), சீஸ் கலந்த ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ், ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடை, பிரெட்ஸலோடு வரும் ஷ்பூண்டகேஸ் என்ற பாலாடைக் கூழ் ஆகியவற்றைக் கேளுங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாற்றில் செய்திருக்கலாம். இலையுதிர் காலத்து வெங்காயப் பணியாரத்திலும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

அக்டோபர் கடைசியில் போகிறோம். ஆற்றில் தண்ணீர் குறைந்து கப்பல் நிற்கும் என்கிறார்களே? (யாழ்ப்பாணம்)

வறண்ட ஆண்டுகளில் நடக்கிறது. 2018 அக்டோபரில் கௌப்பில் உள்ள நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அது ஆற்றின் ஆழம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் போகும் வழியில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாகத் தண்ணீர் இருக்கும். இருந்தாலும் பெரிய கப்பல்கள் சில துறைகளில் நிற்க முடியாமல் போகும். பெருவெள்ளத்திலும் போக்குவரத்து நிற்கும். கப்பலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். இடக்கரை ரயிலின் ஜன்னலே பாதிப் பயணத்தை ஈடுசெய்துவிடும். நவம்பர் பிறந்தால் விடுதிகள் பல மார்ச் வரை மூடியிருக்கும்; நீங்கள் அதற்கு முன்பே போவது நல்லது.

ரைன் பார்த்தாயிற்று. மோசல் எப்படி? (பாரிஸ்)

கோப்லென்ஸிலிருந்து கோகெம் வரை ரயில் மோசல் ஆற்றோடு போகும். அதற்கு மேல் மலையைக் குடைந்து, புல்லாய்க்குப் பிறகு ஆற்றை விட்டே விலகிவிடும். பெர்ன்காஸ்டல்-கூஸ் போக விட்லிஷில் இறங்கிப் பஸ் பிடிக்கவேண்டும்; டிராபன்-டிரார்பாக்குக்குப் புல்லாயிலிருந்து கிளைப் பாதை உண்டு. எல்ட்ஸ் கோட்டைக்கு மோசல்கெர்னில் இறங்கிக் காட்டுவழியாக ஒன்றரை மணி நேரம் நடக்கலாம். நடக்க முடிந்தவர்கள் அப்படியே போங்கள்: மரங்கள் விலகும் இடத்தில் கோட்டை திடீரென்று முழுதாக எதிரே நிற்கும்.

வியன்னாவிலிருந்து ஒரே நாள்தான். டானூப் கரையில் எங்கே போவது? (பெங்களூரு)

வாஹௌ பள்ளத்தாக்கு. மெல்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே சுமார் 36 கிலோமீட்டர். காலை ரயிலில் மெல்க் போய் மடாலயத்தைப் பாருங்கள். அங்கிருந்து கப்பலில் கிரெம்ஸ் நோக்கி இறங்குங்கள். கப்பல் இல்லாத மாதங்களில் 715 பஸ் அதே கரையோரமாகப் போகும். இடையில் டூர்ன்ஷ்டைனில் இறங்குங்கள். 1192–93 குளிர்காலத்தில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறைவைத்த கோட்டையின் சிதைவுகள் ஊருக்கு மேலே இருக்கின்றன, அரைமணி ஏற்றம். ஜூலையில் போனால் அங்கே விளையும் ஆப்ரிகாட் பழத்தைச் சாலையோரத்திலேயே விற்பார்கள். கிரெம்ஸிலிருந்து திரும்பும் ரயில் வியன்னாவில் ஃபிரான்ஸ்-யோசஃப்ஸ் நிலையத்துக்குப் போகும். காலையில் புறப்பட்ட நிலையம் அதுவல்ல. காலையில் புறப்படும் நிலையத்தில் பையைப் பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.