அப்பாவை நிறுத்திய மாதம்

கேள்வி: எங்களிடம் 24 வயதுக் குதிரை ஒன்று இருக்கிறது. பினாங்கு பத்து காந்தோங் லாயத்தில் அப்பா சைஸாக (குதிரை பராமரிப்பாளராக) இருந்தபோது அவர் பார்த்துக்கொண்ட பந்தயக் குதிரை. இப்போது பாலிக் பூலாவில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறோம். ஐந்து மாதமாக வாலையும் பிடரியையும் ரத்தம் வரும்வரை தேய்க்கிறது. வைக்கோல் தின்னும்போது இருமல் வேறு. வேப்பெண்ணெய் பூசினோம். தம்பிக்குத் தெரிந்தவர் கொடுத்த ஸ்டீராய்ட் ஊசியை இரண்டு முறை போட்டோம். நாலு நாள் அடங்கி மறுபடி வருகிறது. அப்பாவுக்கு முட்டி வலி என்பதால் ஆறு மாதமாக வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தம்பிதான் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து ஏழு மணிக்குப் போகிறான். தீவனத்தை மாற்றலாமா? எந்த மருந்து நல்லது?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அப்பாவை நிறுத்தி ஆறு மாதம், சொரிச்சல் வந்து ஐந்து மாதம். இரண்டையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மா. ஆனால் முதலாவதை முட்டி வலியோடு சேர்த்துப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு மருந்துக்குப் போய்விட்டீர்கள்.

வாலடியும் பிடரியும் புண்ணாவது பெரும்பாலும் அகாஸ் என்கிற பொடிப் பூச்சியின் கடியால். கொசுவைவிடச் சின்னது, சாதாரணக் கொசுவலையில் நுழைந்துவிடும். அதன் எச்சில் ஒவ்வாத குதிரைக்குச் சில கடி போதும். விடியலிலும் அந்தியிலும்தான் அது கூட்டமாகக் கிளம்பும். பினாங்கில் ஏழு, ஏழரைக்குத்தான் பொழுது சாய்கிறது. சரியாக அந்த நேரத்தில் உங்கள் தம்பி போய்ச் சேருகிறார். அதுவரை குதிரை வெளியில் நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா? நீங்கள் எழுதவில்லை. அப்பா எத்தனை மணிக்கு உள்ளே கட்டினார், காத்தாடியை எந்தப் பக்கம் வைத்தார் என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? ஆயுசுக்கும் குதிரையோடு இருந்தவரை முட்டியைக் காரணம் காட்டி வீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஊசிக்கு யாரோ ஒருவரைத் தேடிப் போயிருக்கிறீர்கள். இதைப் பெற்றவரைப் பார்த்துக்கொள்வது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆறு மணிக்குள் குதிரை உள்ளே இருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறிய பிறகே வெளியே விடலாம். தம்பியால் முடியாவிட்டால் பக்கத்தில் யாருக்காவது கூலி கொடுங்கள். அகாஸுக்குப் பறக்கும் பலம் குறைவு, நல்ல காற்றை எதிர்த்து வராது. பெரிய காத்தாடி ஒன்றை முதுகிலும் வாலிலும் காற்று படும்படி, ஒயரைக் குதிரை கடிக்க எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். வலை போட்டால் மிக நுண்ணிய கண்ணுள்ளதாகப் பாருங்கள். சாணி கலந்த ஈரச் சேறு போன்ற இடங்களில் அது முட்டையிடும். தண்ணீர்த் தொட்டி வழிந்து நிற்கிற இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளிப்பதானால் புண் மேல் படக் கூடாது. கொட்டகையில் பூனை இருந்தால், காயும்வரை அதை அண்டவே விடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

புண்ணில் வேப்பெண்ணெய் வேண்டாம், எரிச்சல்தான் கூடும். குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, பச்சைத் தண்ணீரில் நுரை போக அலசி, நீரை வழித்து உலர்த்துங்கள். வாரம் இரண்டு முறை போதும். நம் ஊர் ஈரத்தில் உலராத முதுகு வேறொரு தோல்நோயைக் கொண்டுவரும்.

இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் வைக்கோல் தூசியும் பூஞ்சணமும். சுத்தமான தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்தோடு தரையில் வைத்துக் கொடுங்கள். தலை தாழ்ந்திருந்தால் சளி தானாக வடியும். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், இந்தச் சூட்டில் புளித்துவிடும். பூஞ்சண வாடை அடிக்கிற வைக்கோல் கட்டை முக்கியும் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். குதிரை உள்ளே நிற்கும்போது கூட்டாதீர்கள். (ராத்திரி அவசரத்தில் தம்பி அதைத்தான் செய்வார் என்று நினைக்கிறேன்.) அது சும்மா நிற்கும்போது விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8 முதல் 16 சரி. இருபதைத் தாண்டி வயிறும் எக்கினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்த ஊசி இனி வேண்டாம். இந்த வயதுக் குதிரைகளில் பலவற்றுக்குக் குஷிங் என்ற ஹார்மோன் நோய் மறைந்திருக்கும். ரோமம் உதிராமல் நீண்டு சுருளும், தண்ணீர் அதிகம் குடிக்கும். அப்படிப்பட்ட குதிரைக்கு ஸ்டீராய்ட் ஏற்றினால் குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகலாம். முதலில் அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஏசிடிஎச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊசி போட்ட தேதிகளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அரிப்புக்கான மாத்திரையை, எடை பார்த்து அவரே எழுதிக் கொடுக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை ஐந்தரைக்கு அப்பாவைக் காரில் கூட்டிப் போங்கள். அவர் குனிய வேண்டாம், தூக்க வேண்டாம். உட்கார்ந்தபடியே சொல்லட்டும், தம்பி செய்யட்டும். நாற்காலியைக் காத்தாடிக் காற்று படுகிற பக்கமாகப் போடுங்கள். அகாஸ் அவரையும் கடிக்கும்.